ஆனி வெயிலில் அல் ஐன்

பாலைவன ஊருக்கு எந்த மாதத்தில் போவது நல்லது என்று கேட்டால், போய்வந்தவர்கள் எல்லாரும் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் என்றுதான் சொல்வார்கள். என் மகன் சேவியரும் அதையேதான் சொன்னான். அரபு நாட்டில் அல் ஐன் என்கிற ஊரில் அவன் ஏசி மெக்கானிக். போய் ஆறு வருடம் ஆகிறது. போன வருடம்தான் தனி வீடு எடுத்து, மருமகள் ரீட்டாவை அழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து போனில் ஒரே பேச்சு.

"மார்கழியில வாங்கப்பா. ஊட்டி மாதிரி இருக்கும். வெள்ளைக்காரனெல்லாம் அப்பத்தான் வர்றான்."

வெள்ளைக்காரனுக்கு வயல் இல்லை. எனக்கு இருக்கிறதே. மார்கழியில் சம்பா பால் பிடிக்கும். தையில் அறுப்பு மெஷினுக்குக் காத்துக் கிடக்க வேண்டும், அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் உளுந்து தெளிக்க வேண்டும். மாசி, பங்குனி உளுந்தோடு போய்விடும். சித்திரையில் ஒரு உழவு போட்டு வைத்தால்தான் மண் மழைக்கு வாய் திறக்கும். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை. இதில் எந்த இடுக்கில் நான் விமானம் ஏறுவது?

இடுக்கு தானாக வந்தது. இந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, ஆனியில் அணையைத் திறக்கவில்லை. எனக்கு போர் செட்டும் கிடையாது. குறுவை இல்லை என்றாகிவிட்டது. ஆடிக் கடைசியில் சம்பாவுக்கு நாற்றங்கால் விடுகிற வரைக்கும் வேலை இல்லை. திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "இப்ப வர்றேன்டா" என்றேன்.

"இப்பவா? அப்பா, இங்க நாப்பத்தெட்டு டிகிரி."

"நான் என்ன மோர்லயா வளர்ந்தேன்? வெயில்லதான் வளர்ந்தேன்."

என் வீட்டுக்காரி வரவில்லை. மாடு சினையாக இருந்தது. "நீங்க போய் அவனோட ஒரு நாள் உக்காந்து நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க. கல்யாணத்துக்கு வந்தப்பக்கூட அவனோட உக்காந்து ஒரு வாய் சாப்பிடல" என்றாள். அதுவும் உண்மை. மூன்று வருடத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு வந்தபோது பன்னிரண்டு நாள் லீவு. பத்திரிகை, பந்தல், மறுவீடு என்று அதுவும் ஓடிவிட்டது. மகனோடு அவசரமில்லாமல் ஒரு வேளை உட்கார வேண்டும். நான் போனது அதற்குத்தான். ஊர் பார்க்கப் போகவில்லை.

முதல் நாள், விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு விலகியது. நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி அடித்தது. நான் ஒரு எட்டு பின்னால் வந்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. சேவியர் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான். மூக்கும் நெற்றியும் கறுத்து, தொப்பி மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

இரண்டாம் நாள் விடிந்து எழுந்தபோது அவன் இல்லை. "அஞ்சு மணிக்கே வேன் வந்துருச்சு மாமா" என்றாள் ரீட்டா. எப்போது வருவான் என்று கேட்டேன். "ஒன்பது ஆயிரும். இது அவங்களுக்கு சீசன். ஊர்ல இருக்கிற அத்தனை ஏசியும் இப்பத்தான் நிக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அறுப்புக் காலம் தை. என் மகனுக்கு அறுப்புக் காலம் ஆனி. அறுப்பு நடக்கிற வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, என்னோடு பேசு என்று கேட்கிற விருந்தாளி ஆகிவிட்டேன். ஒன்பது மணிக்கு வந்தான், குளித்தான், இரண்டு சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டான், "சாப்டீங்களாப்பா" என்று கேட்டான். பதில் சொல்லித் திரும்புவதற்குள் சோபாவிலேயே தூங்கிவிட்டான். இப்படியே ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமையும் யாருக்காவது ஏசி நின்றுபோகும்.

ரீட்டா ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அவளும் காலையில் போய்விட்டால் நானும் நாலு சுவரும்தான். அந்த வீட்டு விசேஷம் ஒன்று சொல்ல வேண்டும். குளிக்கப் போய்ப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், கொதித்துக்கொண்டு வந்தது. ஐயோ என்று வெளியே ஓடி வந்தேன். "மாமா, தொட்டி மொட்டை மாடியில காயுது. பச்சைத் தண்ணி வேணும்னா வெந்நீர்க் குழாயைத் திறங்க. ஹீட்டரை அணைச்சிருக்கேன், அதுல இருக்கிறதுதான் ஆறுன தண்ணி" என்றாள். வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். இதை வீட்டுக்காரியிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. "வெயில்ல உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு. அவன்கிட்ட போனைக் குடுங்க" என்றாள். அவன் இருந்தால்தானே கொடுக்க?

வெளியே கொதித்தாலும் உள்ளே குளிர். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, மார்கழி மாதக் கிழவன் மாதிரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு குஞ்சு கிடையாது. துவைத்த வேட்டியை பால்கனியில் போட்டால் பத்து நிமிடத்தில் அப்பளமாகிவிடும். தூரத்தில் ஒரு மொட்டை மலை. அதன் அடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறதாம், குளிர்காலத்தில் அதில் காலை வைக்கக் கூட்டம் வருமாம். ஓட்டல்களில் இடம் கிடைக்காதாம். இப்போது அந்த ஓட்டல்களில் எல்லாம் காற்றுதான் தங்கியிருக்கிறது என்று ரீட்டா சொன்னாள்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கடையில் நம்ம பொன்னி அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது. ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். எந்த வயலில் விளைந்ததோ, என்னைவிட முன்னால் வந்துவிட்டது. வஞ்சிர மீனை ரீட்டா நன்றாக வறுப்பாள். அவள் ஊர் சீர்காழிப் பக்கம், கடல் கிட்ட.

ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் பார்த்தேன். அங்கே பஸ் நிற்கிற கூண்டுக்கும் ஏசி. கூண்டு சுகமாக இருந்ததால் வந்த முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததில் ஏறினேன், அது வேறு பக்கம் போகிற பஸ். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். பார்த்தால் ஒட்டகச் சந்தை. ஒட்டகத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், கும்பகோணத்தில் சர்க்கஸ் வந்தபோது. அது பாவம், எலும்பாக நின்றது. இங்கே ஒவ்வொன்றும் நம்ம பண்ணையார் வீட்டுக் காளை மாதிரி மினுமினுத்தது. பங்களாதேசத்து டிரைவர் என் கையைப் பிடித்துத் திரும்ப அதே பஸ்ஸில் ஏற்றி, ஏதோ சொன்னார். பின்னால் இருந்த ஒருவர் தமிழில் எனக்கு அர்த்தம் சொன்னார்: "இந்த வெயில்ல ஒட்டகம்கூட நிழல்ல நிக்குது, உனக்கு என்ன வேலைன்னு கேக்குறாரு."

எட்டாம் நாள் ரீட்டாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். காலை ஆறரைக்கு வேலைக்குப் போகிறபோது என்னை ஊர் நடுவில் இருக்கிற பேரீச்சந்தோப்பில் இறக்கிவிட்டாள். "ஒன்பது மணிக்குள்ள பஸ் ஏறிருங்க மாமா. இந்தப் பக்கத்துக் கூண்டு. எதிர்ப்பக்கம் போகாதீங்க."

அந்தத் தோப்பைப் பார்க்க வேண்டும். மண் சுவர் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்த தோட்டங்கள், நடுவில் சந்து. மேலே மட்டை பின்னிக்கொண்டு நிழல். குலை குலையாக மஞ்சளும் சிவப்புமாகக் காய் தொங்கியது. கேட்டைத் தாண்டினதும் சூடு பாதியாகிவிட்டது. நாலு எட்டு நடந்திருப்பேன், தண்ணீர் ஓடுகிற சத்தம். நான் நின்றுவிட்டேன். எங்கள் வாய்க்காலில் அந்தச் சத்தம் கேட்டுப் பல மாதம் ஆயிற்று. பாலைவனத்தில் வந்து கேட்கிறேன்.

சத்தம் வந்த பக்கம் போனேன். ஒரு முழ அகலத்தில் சிமெண்டுக் கால்வாய், அதில் கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் கரை திறந்து, தண்ணீர் அத்தனையும் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. கால்வாய் கீழே காய்ந்து கிடந்தது. எனக்கு யோசனையே ஓடவில்லை. ஐம்பது வருடமாக இந்தக் கைக்கு ஒன்றுதான் தெரியும். கரை திறந்து தண்ணீர் போனால் உடைப்பு, உடைப்பை அடைக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினேன். பக்கத்தில் ஒரு கல்லும் நனைந்த சாக்கும் கிடந்தன. சாக்கைத் திணித்து, கல்லை வைத்து, சேற்றை அள்ளி அப்பினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் கால்வாயோடு கீழே ஓடியது. வந்த ஊருக்கு ஒரு நல்லது செய்த திருப்தியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு கிழவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். நீளச் சட்டை, தலைப்பாகை, கையில் டீ கிளாஸ். தோட்டத்தைப் பார்த்தார், அடைப்பைப் பார்த்தார், சேறு பூசிய என் கையைப் பார்த்தார். டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது.

கேட் அருகே டீக்கடை வைத்திருக்கிற ஹம்சா ஓடி வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். கிழவர் பெயர் ரஹீம், பாகிஸ்தானில் பலுசிஸ்தான் பக்கம், தோட்டத்து வேலைக்காரர் என்று சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"பெரியவரே, அது உடைப்பு இல்ல. அவரோட முறை. ஒன்றரை மணி நேரம் இந்தத் தோட்டத்துக்கு, அப்புறம் அடுத்த தோட்டத்துக்கு. அவர் திறந்து விட்டுட்டு டீ குடிக்க வந்தார். இப்ப முறை முடிஞ்சிருச்சு. இனி இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி பத்து நாள் கழிச்சுத்தான்."

முறை. அந்தச் சொல் கேட்டதும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஒரு வறட்சி வருடத்தில் எங்கள் முறையின்போது மேலத்தெருக்காரர் ஒருவர் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அவர் செத்ததற்குத்தான் போனேன். இப்போது நானே கடல் தாண்டி வந்து இன்னொருவர் முறையில் கைவைத்திருக்கிறேன்.

ரஹீம் சொன்னதை ஹம்சா சொல்லிக்கொண்டே வந்தார். "பழம் பழுக்கிற நேரம். இப்பத் தண்ணி இல்லன்னா காய் சுருங்கிரும். முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு கேக்குறாரு."

"நானும் விவசாயிதான்னு சொல்லுங்க. தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லுங்க."

ஹம்சா சொன்னார். ரஹீம் பதில் சொன்னார். ஹம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விவசாயிங்கிறது அடைப்பைப் பார்த்தாலே தெரியுது, இவ்வளவு கெட்டியா நானே அடைச்சதில்லங்கிறாரு."

கீழ்த் தோட்டத்துக்காரர் ஒரு எகிப்துக்காரர். அவருக்குக் கேட்காமலே நாற்பது நிமிடத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருந்தது. நியாயமான மனிதர். பன்னிரண்டரைக்கு அவருடைய முறை, அதில் முதல் நாற்பது நிமிடத்தை ரஹீம் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஆனால் ரஹீமுக்குத் திருப்தி இல்லை. உச்சி வெயிலில் விடுகிற தண்ணீரை மண்ணே குடித்துவிடும், கடைசி வரிசை மரத்துக்குப் போகாது என்றார். அதுவும் சரிதான். நேராக ஒரு கை வாய்க்கால் வெட்டிவிட்டால் போகும். வெட்ட ஆள் வேண்டும்.

"நான் வெட்டுறேன். இன்னொரு ஆள் இருந்தாப் போதும்" என்றேன். ஹம்சாவின் போனில் சேவியரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா... பாலைவனத்துக்கு வந்தும் வாய்க்கால் தகராறா?"

"நீ வரமுடியுமா, முடியாதா?"

"பன்னிரண்டரைக்கு வர்றேன். பக்கத்துலதான் இருக்கேன். நீங்க வெயில்ல போகாதீங்க."

பன்னிரண்டரைக்கு எப்படி வரமுடியும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். ஹம்சாவின் கடை நிழலில் காத்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தான், நீலச் சட்டை முழுக்க உப்புப் பூத்து.

தண்ணீர் வந்தது. நானும் அவனும் ரஹீமும் மூன்று மண்வெட்டி. அவன் கை மறந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வெட்டுத்தான் தடுமாறினான். அப்புறம் நான் வெட்டிய இடத்திலிருந்து அவன் எடுத்தான், அவன் விட்ட இடத்திலிருந்து நான். தண்ணீர் எங்கள் பின்னால் வந்துகொண்டே இருந்தது. கடைசி வரிசை மரத்தின் அடியில் அது போய் நின்று வட்டமாகப் பரவியபோது ரஹீம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஏதோ சொன்னார். இந்த முறை அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

சாக்கு விரித்து உட்கார வைத்தார். தட்டில் ரொட்டி, தயிர், அப்போது பறித்த பேரீச்சை. ஒரே பழத்தில் மேல்பாதி கரும்பு மாதிரி நறுக்கென்று இருந்தது, அடிப்பாதி வெல்லப்பாகு. கடையில் பொட்டலத்தில் வருகிற பேரீச்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஆனி, ஆடியில் மட்டும்தான் இப்படிக் கிடைக்குமாம். குளிர்காலத்து விருந்தாளி எவனும் இதைத் தின்றிருக்க மாட்டான்.

"நீ போகலையாடா? வேலை?"

"மூணு மணி வரைக்கும் இல்லப்பா. கோடைக்காலத்துல பன்னிரண்டரையிலேர்ந்து மூணு வரைக்கும் வெளி வெயில்ல வேலை வாங்கக் கூடாது, சட்டம். எங்க வேலையெல்லாம் மொட்டை மாடியிலதானே. அந்த நேரம் வேன்லயோ, கார் நிறுத்துற இடத்துலயோ படுத்திருப்போம்."

"தினமுமா?"

"தினமும்."

"எட்டு நாளா நான் இங்க இருக்கேன். ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா என்ன செய்வீங்க? குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவீங்க. உச்சி வெயில்ல உங்களை நடக்க வைக்கவா?"

"அப்ப மார்கழியில வந்திருந்தா?"

அவன் ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையைத் துப்பிவிட்டு யோசித்தான். "மார்கழியில ஏது ப்ரேக்? வெயில் இல்லையே. அப்ப ஓட்டல் வேலை. காலையில மாடி ஏறினா பொழுது சாய்ஞ்சாத்தான் இறங்குவோம். சாப்பாடும் அங்கயே நின்னுக்கிட்டுத்தான்."

"அப்புறம் எதுக்குடா என்னை மார்கழியில வரச் சொன்னே?"

"ஊரு நல்லா இருக்கும்பா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மிச்சம் பன்னிரண்டு நாள் இருந்தது. நாள் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம்.

மறுநாள் ரீட்டா குறுக்கே நின்றாள். "மாமா, ஊரே கதவைச் சாத்துற நேரத்துல நீங்க வெளிய போறீங்க. அத்தைக்கு யார் பதில் சொல்றது?" அப்புறம் அவளே ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்தாள், தூக்குப் பாத்திரத்தில் சாம்பார் சாதமும் மீனும் வைத்துக் கொடுத்தாள். கூண்டு வரை நூறு எட்டு, பஸ்ஸில் கால் மணி, கேட்டிலிருந்து தோப்பு. அந்த நூறு எட்டில் செருப்பு தார் ரோட்டில் ஒட்டும். நான் பன்னிரண்டுக்கே போய்விடுவேன், பன்னிரண்டரைக்கு வேன் அவனைக் கேட்டில் இறக்கிவிடும். ரஹீம் சாக்கை விரித்து வைத்திருப்பார். வாய்க்கால் பக்கம் நான் போனால் மட்டும் விரலை ஆட்டுவார்.

என்ன பேசினோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. மாடு எப்போது ஈனும், எந்த நெல் விடலாம், மேலக்கரைப் புளியமரம் இருக்கிறதா. அவன் கேட்பான், நான் சொல்வேன், பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன், அவன் திருப்பி இழுத்து வருவான். ஒரு நாள் அவனாகவே சொன்னான், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் மாடியில் மயங்கி விழுந்தானாம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தானாம். "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். இன்றுவரை சொல்லவில்லை. இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துவிடும். தெரியட்டும், இனி என்ன.

பாதி நாள் பேச்சு, பாதி நாள் தூக்கம். சாப்பிட்டதும் அவனுக்குக் கண் சொருகும். சாக்கில் சரிந்துவிடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மட்டை விசிறியால் விசிறுவேன், தோப்பிலும் சூடு சூடுதான். வெறுமனே அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாளும் நல்ல நாள்தான் எனக்கு.

கடைசி நாள் அவன் பேச வேண்டும் என்றுதான் வந்தான். நாளைக்குக் காலையில் எனக்கு விமானம். சாப்பிட்டான், இரண்டு பழம் தின்றான், ஊருக்கு எடுத்துப்போக ரஹீம் ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தான். முந்தின நாள் இரண்டு இடத்து வேலை, கண் சிவந்து கிடந்தது. "அஞ்சு நிமிஷம் சாயறேன்பா. ரெண்டு அம்பதுக்கு எழுப்பிருங்க. வேன் மூணு மணிக்கு டாண்ணு வந்துரும்" என்று சாய்ந்தான்.

அவன் வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தான். முள் இரண்டு ஐம்பதுக்கு வந்தது. அவன் வாயைக் கொஞ்சம் திறந்து, ஒரு கையைத் தலைக்கு அடியில் மடித்து, சின்ன வயதில் களத்து மேட்டில் தூங்குகிற மாதிரியே தூங்கினான். விசிறியை மாற்றுக் கைக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு ஐம்பத்திரண்டு. ரஹீம் என்னையும் பார்த்தார், வாட்சையும் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு ஐம்பத்தாறுக்குத் தோளைத் தொட்டேன்.

"மணி என்னப்பா?"

"ரெண்டு அம்பது" என்றேன்.